மதியத்துக்கு மேல் மெதுவாகும் பெட்டி

அந்த யோசனை எனக்கு வந்தது ஹோட்டலின் சாமான் அறையில், உடைந்த ஹேர் டிரையர்களும் கால் ஆடும் நாற்காலிகளும் குவிந்து கிடந்த மூலையில். நான் தேடிப் போனது ஒரு மவுஸை. கையில் அகப்பட்டது கறுப்பாக, அளவுக்கு மீறிய கனத்தோடு, சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு உலோகப் பெட்டி. மேல்பக்கம் முழுக்கச் சீப்புப் பற்களைப் போல வரிசையாகத் தகடுகள். பின்னால் நாலு கேபிள் துளைகள். உள்ளே விசிறி கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. ஹோட்டலுக்குப் பெரிய ஃபயர்வால் வாங்கியபோது ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட சின்ன ஃபயர்வால் ரௌட்டர் அது. அதைத் தூக்கிப் பார்த்த நொடியில் முந்தின நாள் அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. ஹோட்டலிலிருந்து நான் போட்ட வீடியோ அழைப்பின் நடுவில், வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி ஒரு கண் விழித்து, உறைந்துபோன முகம்.

இதை வீட்டில் மாட்டினால் என்ன?

நான் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். மேலாளரிடம் கேட்டேன். "அலமாரியில் இடம் காலியானால் எனக்கும் சந்தோஷம்" என்றார். பெட்டியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் தூறல். பூனைக்குட்டியைக் கொண்டுவருவது போலத்தான் இருந்தது.

வீடு என்றால் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு. அப்பா தோட்டத்து லோரி ஓட்டுகிறார். அம்மா ஃபேக்டரியில் காலை ஷிஃப்ட். அக்கா கோலாலம்பூரில் இருக்கும் ஒரு பயண நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மதியம் ஹெட்செட்டை மாட்டினால் இரவுச் சாப்பாடு வரை, விமானம் தவறிவிட்டது, ஹோட்டல் குழாயில் வெந்நீர் வரவில்லை என்று உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து யாராவது அவளிடம் முறையிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இதற்கு முன் அவள் கொஞ்ச காலம் கீழே இருந்தாள். எங்களுக்குக் கீழே என்றால் கேமரனைத் தவிர்த்த முழு மலேசியாவும்தான். ஜன்னல் இல்லாத அறை, எந்நேரமும் வியர்வை, வேலைக்குப் போகவும் வரவும் ரயிலில் நின்றபடியே பாதி வாழ்க்கை. திரும்பி வந்த அன்று பையை இறக்கி வைத்ததும் அவள் சொன்ன முதல் வாக்கியம், "இனிமே என்னைய கீழ போன்னு யாரும் சொல்லக்கூடாது" என்பது. இந்த வேலை கிடைத்தபோதுதான் அந்த வாக்கியத்துக்கு ஒரு சம்பளமும் கிடைத்தது.

ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சோதனைக் காலம். அவளுடைய மேற்பார்வையாளர் நல்ல பெண்மணிதான். இருந்தாலும் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்து அறுந்து போனதால் தெளிவாகச் சொல்லிவிட்டார். சோதனைக் காலம் முடிவதற்குள் இணையம் சரியாகவில்லையென்றால் அக்கா கோலாலம்பூர் அலுவலகத்துக்கே வந்து உட்கார வேண்டும். அதாவது கீழே.

ஃபயர்வால் என்பது தோட்டத்துக் கேட்டில் நிற்கும் ஜாகா மாதிரி என்று வீட்டில் எல்லோருக்கும் விளக்கினேன். உள்ளே வருவது யார், வெளியே போவது யார் என்று பார்ப்பார். அதைவிட முக்கியம், யாருக்கு முதலில் வழி விடுவது என்பதும் அந்தக் காவல்காரர் கையில்தான். அப்பா வீடியோ பார்க்கட்டும், பக்கத்து வீட்டுப் பையன்கள் எங்கள் வைஃபையில் கேம் விளையாடட்டும். அக்காவின் குரல் வந்தால் எல்லாரும் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படித்தான் பெட்டியில் விதி எழுதினேன்.

"துரை கார் வந்தா லோரி ஒதுங்கற மாதிரியா?" என்றார் அப்பா.

"அதேதான் ப்பா."

"அப்ப நான் இங்கயும் ஒதுங்கணுமா?"

முதல் வாரம் அமர்க்களம். அக்காவின் குரல் கண்ணாடி போல இருந்தது. நான் வீட்டுக்குள் நடந்த நடையில் ஒரு மிடுக்கு ஏறியிருந்தது என்று அக்கா பின்னால் சொன்னாள். இரண்டாவது வாரம், ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் அறை வாசலில் ஹெட்செட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நின்றுகொண்டிருந்தாள்.

"ஒன் ஜாகா தூங்கிட்டாருடி."

சோதித்துப் பார்த்தேன். நாங்கள் வாங்கியிருக்கும் திட்டத்தில் வேகம் முந்நூறு மெகாபிட் வர வேண்டும். முப்பது வந்தது. இன்னொரு முறை சோதித்தேன். இருபத்திரண்டு.

முதல் சந்தேகம் இணைய நிறுவனத்தின் மேல். அது உலக வழக்கம். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். எங்கள் வீட்டு இணையம் குடியிருப்பது அங்கேதான். லைன் வீடுகளுக்குப் பின்புறம்தான் கம்பங்கள் ஓடுகின்றன. கேபிள் இழுக்க வந்தவர் பக்கத்திலிருந்த சுவரில் துளை போட்டார். அது அடுப்படிச் சுவர். அதனால் மோடமும் அதற்குப் பக்கத்தில் என் பெட்டியும் அம்மாவின் ராஜ்ஜியத்தில், பாத்திர அலமாரியை ஒட்டிய ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தன.

வாசலில் கால் வைப்பதற்குள் அம்மாவின் குரல் வந்தது.

"யாரு? பெட்டிய பாக்கவா? இரு, இரு, ஒதுக்கித் தரேன்."

அம்மா எப்போதும் அப்படித்தான். அவள் அடுப்படிக்குள் வேற்றாள் நுழைவதென்றால், அது பெற்ற மகளாகவே இருந்தாலும், முதலில் ஒதுக்க வேண்டும், துடைக்க வேண்டும், பிறகுதான் "வா". கேபிள் இழுக்க வந்தவரைக்கூட மழையில் நிறுத்தி வைத்துவிட்டு அடுப்பு மேடையைக் கழுவினாள். நானும் நின்றேன். பாத்திரம் நகரும் சத்தம், தட்டு விழும் சத்தம், ஈரத்துணி ஓடும் சத்தம். பிறகு "வா". உள்ளே போனால் துடைத்த பலகை, அடுப்போரம் கம்பளி போர்த்திய மாவுச் சட்டி, நடுவில் பளிச்சென்று என் பெட்டி.

லேப்டாப்பை மோடத்திலேயே நேராகச் சொருகினேன். முந்நூறு. நிறுவனத்தின் மேல் குற்றமில்லை. பெட்டியை அணைத்து, மறுபடி போட்டு, அதன் வழியாகச் சோதித்தேன். முந்நூறுக்குப் பக்கத்தில். எந்தக் குறையும் இல்லை.

"சரியாயிருச்சுக்கா!"

"என்னா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. அணைச்சுப் போட்டேன்."

"இதுக்கா மூணு வருசம் படிச்ச?"

அடுத்த நாள் சாயங்காலம் மறுபடி இருபது. மறுபடி நான், மறுபடி "இரு, ஒதுக்கித் தரேன்", மறுபடி அணைத்துப் போட்டவுடன் முந்நூறு. டாக்டரைப் பார்த்ததும் வயிற்று வலி நின்றுபோகும் பிள்ளைகள் உண்டு. என் பெட்டி அந்த ரகம்.

இப்படிக் கை வைத்தால் சரியாகி, கையை எடுத்தால் கெடுகிற கோளாறு வேறு எதைவிடவும் மோசமானது. பிடிபடவே பிடிபடாது. ஆனால் எனக்கு அதில் ஒரு குஷியும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஹோட்டலில் நான் தீர்த்து வைக்கும் பிரச்சினைகளில் பாதி, பிளக் சொருகாமல் விட்டது. இது அப்படியில்லை. இது என்னோடு விளையாடியது.

கேபிளை மாற்றினேன். பழைய கேபிள் ஒன்று உள்ளுக்குள் நைந்திருந்தால் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். புதுக் கேபிளோடு ஒரு மாலை நன்றாகப் போனது. மறுநாள் பழைய கதை. பெட்டி உள்ளே வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்கிற சோதனை வேலையையும் செய்துகொண்டிருந்தது. சின்னச் சிப்புக்கு அது பெரிய பாரம் என்று அதை நிறுத்தினேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அமைப்புப் பக்கத்தில் டிக் போடும் கட்டங்கள் சில உண்டு. அவற்றில் டிக்கை எடு, எடுக்காதே என்று இணையத்தில் இரண்டு கட்சிகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. நான் இரண்டு கட்சியிலும் சேர்ந்து பார்த்தேன். கடைசியில் மென்பொருள் முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். அன்றைக்கு அது ஓஹோவென்று ஓடியது. மறுநாள் அக்காவிடமிருந்து ஒரே ஒரு வார்த்தையில் செய்தி: "அலமாக்." ஐயையோ என்று அர்த்தம்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே நல்ல செய்தி தோசை. கேமரன் குளிரில் மாவு புளிப்பது லேசான காரியமில்லை. அரைத்து வைத்தால் மறுநாளும் அப்படியே கல்லாய்க் கிடக்கும். தோசை என்ற பெயரில் வெள்ளை அட்டை ஒன்று தட்டில் வந்து விழும். லைனில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு உபாயம். சிலர் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைப்பார்கள், சிலர் அடுப்படியில் பல்பு எரியவிடுவார்கள். எங்கள் அம்மா கம்பளி போர்த்துவாள். இந்த முறை என்னவோ மாவு பொங்கி வழிந்தது. தோசை ஓரமெல்லாம் பொன்னிறம், நடுவில் பஞ்சு. அப்பா வழக்கத்தைவிட இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு லோரிக்குப் போனார்.

"உளுந்து மாத்திட்டியா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கைராசி" என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு என் பெட்டிதான் கவலை.

பொறுமையாக உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. காலையில் ஒருபோதும் மெதுவாவதில்லை. எப்போதும் மதியத்துக்கு மேல்தான். எல்லா நாளும் இல்லை, சில நாள். அக்காவைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"நேத்து எப்ப ஆரம்பிச்சுச்சு?"

"அம்மா வேலைக்குப் போயிட்டு வந்து, கிரைண்டர் போட்டாங்க. அந்தச் சத்தத்துல ஒரு வெள்ளக்காரர் என்னாது ஹெலிகாப்டரான்னு கேட்டாரு. அதுக்கப்பறம் கொஞ்ச நேரத்துல இழுக்க ஆரம்பிச்சுச்சு."

"முந்தாநாளு?"

"முந்தாநாளு அரைக்கல. லைன் நல்லாதான் இருந்துச்சு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். கிரைண்டர்! அந்த மோட்டார் சுற்றும்போது கரண்டில் சளசளப்பு ஏறும். என் பெட்டியும் அதே சுவரில் அதே இணைப்பில். பாலிடெக்னிக்கில் படித்த பாடம் ஒன்று கடைசியாக வாழ்க்கைக்கு உதவப்போகிறது! அம்மாவிடம் போய் விளக்கினேன். மின்சாரத்தின் தூய்மை பற்றி நான் பேசியதையெல்லாம் அவள் கேட்டாள்.

"அதனால?"

"அதனால கொஞ்ச நாளைக்கு நம்ம கிரைண்டர் வேணாம். பக்கத்து வீட்டுல அரைச்சுக்கயேன்."

"அவ வீட்டுலயா? அவ என் அரிசிய பாத்து ஒரு சொல்லு சொல்லுவா, என் உளுந்த பாத்து ஒரு சொல்லு சொல்லுவா."

"அக்கா வேலைம்மா."

அக்கா வேலை என்றதும் அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. ஊறிய அரிசியையும் உளுந்தையும் இரண்டு வாளிகளில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். அரைத்த மாவோடு, இரண்டு சொற்களையும் கேட்டுக்கொண்டு, திரும்பி வந்தாள். எங்கள் வீட்டில் அன்று கிரைண்டர் சுற்றவில்லை, கரண்ட் கங்கை நீர் போலத் தூய்மையாக இருந்தது. சாயங்காலம் வேகம் பதினெட்டு.

"கிரைண்டர் கிட்ட மன்னிப்பு கேளு" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகு கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸை இழுத்துவிட்டபடி, வேறு குரலில் சொன்னாள். "வெள்ளிக்கிழம எங்க சூப்பர்வைசர் நான் பேசற போன்கால கூடவே இருந்து கேக்கப்போறாங்க. முழு ஒரு மணி நேரம். அன்னிக்கும் இழுத்தா அடுத்த மாசம் நான் கீழதான். ஒன் பெட்டிய கழட்டிட்டு பழசே போடலாமா?"

பழையதைப் போட்டால் அப்பாவின் வீடியோவுக்கும் பையன்களின் கேமுக்கும் நடுவில் அவள் குரல் மறுபடி சிக்கிக்கொள்ளும். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் கேள்வியாகக் கேட்டாள். "வியாழக்கிழமை வரைக்கும் குடு" என்றேன். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கையைவிடத் தங்கச்சி மேல் இரக்கம்தான் அதிகம் தெரிந்தது.

இந்தப் பெட்டிகளை வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் இணையத்தளம் ஒன்றில் என் கதையை எழுதினேன். பதில்கள் வந்தன. ஒருவர் கேட்டார்: சூடு பார்த்தாயா? இன்னொருவர் கேட்டார்: பெட்டியின் சூடு எவ்வளவு? மூன்றாமவரும் அதையே கேட்டார். நான் ஜன்னலைத் திறந்து, தேயிலைச் சரிவே தெரியாமல் மூடியிருந்த மேகத்தைப் படம் பிடித்துப் போட்டேன். "நான் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன், ஐயாமார்களே. எங்கள் ஊரில் ஐஸ்கிரீமே உருகாது." நிறையப் பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதை நானும் கவனிக்கவில்லை. பெட்டியின் முகப்புப் பக்கத்தில் சூட்டைக் காட்டும் சின்னக் கட்டம் ஒன்று உண்டு. குளிர் ஊரில் அது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று முதல் நாளே அதை மூடி வைத்தவள் நான்தான்.

புதன்கிழமை மதியம் ஹோட்டலில் வேலை குறைவு. வீட்டுப் பெட்டிக்குள் வெளியிலிருந்து நுழைய ஒரு ரகசிய வழி போட்டு வைத்திருந்தேன். முகப்புப் பக்கத்தைத் திறந்து, இருக்கிற எல்லா வரைபடங்களையும் ஒன்றுவிடாமல் விரித்தேன். வேறு வழி தெரியாததால்தான் அந்தச் சூட்டுக் கட்டத்தையும் திறந்தேன்.

தொண்ணூற்றாறு டிகிரி.

ஏதோ கோளாறு என்று பக்கத்தைப் புதுப்பித்தேன். தொண்ணூற்றேழு. கடந்த நாட்களின் சூட்டு வரைகோட்டைப் பார்த்தேன். காலையெல்லாம் ஐம்பதுக்குக் கீழே படுத்துக் கிடக்கும் கோடு, மதியத்துக்கு மேல் மலையேறுவது போல ஏறி, உச்சியில் அப்படியே நின்றது. சூடு எல்லை மீறினால் சிப் எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேட்டில் மூட்டையோடு ஏறுகிற ஆள் நடையைக் குறைப்பது போல. வேகம் எங்கே போனது என்று இப்போது தெரிந்தது. ஆனால் எங்கள் அடுப்படியில் தொண்ணூற்றேழு எப்படி வந்தது?

அக்காவுக்கு இடைவேளை நேரம். போன் போட்டேன்.

"அக்கா, ஓடிப்போய் பெட்டிய பாரு. தொடாத, சுடும். சும்மா பாரு."

செருப்புச் சத்தம். கதவுச் சத்தம்.

"அம்மா கடைக்குப் போயிருக்காங்க. பெட்டிய காணோம்டி."

"காணோமா? அது இல்லாம நீ எப்படி என்கிட்ட பேசற? போன் வைஃபைலதான ஓடுது?"

"பலகைல பெட்டி இல்ல. அம்மாவோட கம்பளிதான் இருக்கு."

"கம்பளிய தூக்கு."

"கம்பளிக்குள்ள மாவுச் சட்டி."

"சட்டிய தூக்கு."

"சட்டிக்குக் கீழ துண்டு. மடிச்சு வச்ச துண்டு. புதுத் துண்டுடி, நான் தீபாவளிக்கு வாங்கிக் குடுத்தது!"

"துண்டுக்குக் கீழ?"

அப்புறம் கேட்டது அழுகையா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. சிரிப்புதான்.

"ஒன் ஜாகா இங்கதான் இருக்காரு. நல்லா போத்திக்கிட்டுத் தூங்கறாரு."

நாங்கள் இருவரும் தினமும் எட்டிப் பார்க்கிற அடுப்படி அது. இருந்தும் எங்கள் கண்ணில் படவில்லை. ஏனென்றால் கம்பளி போர்த்திய மாவுச் சட்டியைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஒன்றை யாரும் பார்ப்பதில்லை. மாவு அரைத்த நாளில் மட்டும் மெதுவானது, கிரைண்டர் வேறு வீட்டில் சுற்றியும் மெதுவானது, நான் வந்தால் மட்டும் சரியானது எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. நான் பெட்டியைப் பார்க்க வரும்போதெல்லாம் அம்மா ஒதுக்கியது சட்டியையும் துண்டையும் கம்பளியையும்தான். அவை போனதும் பெட்டிக்கு மூச்சு வந்திருக்கிறது. பேர் வாங்கிக்கொண்டது என் அணைத்துப் போடுதல்.

சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. அம்மா அடுப்புக்குப் பக்கத்தில், நாங்கள் இருவரும் வாசலில்.

"எப்பம்மா ஆரம்பிச்ச?"

"தூசி தொடைக்கறப்ப கைய வச்சேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. இவ்வளவு சூடு சும்மா வீணா போகுதேன்னு..."

"அது வீணா போகணும்மா. வீணா போனாத்தான் பெட்டி வேல செய்யும்!"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ வந்து கேட்டில நிக்கற ஜாகான்னு சொன்ன. குளுருல நிக்கறவருக்குக் கம்பளி போத்தினா தப்பா?"

அக்கா தலையைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"துண்டு எதுக்கு?"

"சட்டி பட்டு மிசினுக்குக் கீறல் விழுந்துருச்சுன்னா? நீ ஹோட்டல்ல இருந்து கொண்டாந்த பொருளு. பத்திரமா பாத்துக்க வேணாமா?"

என்னால் கோபப்பட முடியவில்லை. அவள் சொன்னதில் இன்னொரு விஷயமும் இருந்தது. அந்தத் துண்டுதான் உண்மையான வில்லன். சட்டியை நேராகத் தகட்டின் மேல் வைத்திருந்தால், பெட்டியின் சூட்டை மாவு உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கும். அவ்வளவு ஈரமாவு சுலபத்தில் சூடாகாது. மடித்த துண்டு நடுவில் புகுந்து, சூட்டை மேலேயும் விடாமல், கம்பளி பக்கத்திலும் விடாமல், பெட்டியை உள்ளேயே வேகவைத்துவிட்டது. அக்கறை கொஞ்சம் குறைந்திருந்தால் எல்லாமே நன்றாக ஓடியிருக்கும்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா ஒரு கேள்வி கேட்டாள். அவள் பார்வை அக்கா மேல் இருந்தது.

"அப்ப இவ லைன் அறுந்ததெல்லாம் என்னாலயா?"

"எல்லாம் இல்ல. முன்னாடி வேற காரணம்" என்றாள் அக்கா அவசரமாக.

அம்மா சட்டியைத் தூக்கிக் கொண்டுபோய், பெட்டியிலிருந்து அடுப்படியின் மறுகோடியில், குளிர்ந்த சிமெண்ட் தரையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை நான் ஹோட்டலில் இருந்தேன். சுற்றுலாப் பயணிகள் ஸ்ட்ராபெரிப் பையோடு வந்து வைஃபை கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கண்ணால் அவர்களையும் இன்னொரு கண்ணால் வீட்டுச் சூட்டுக் கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு. நாற்பத்தேழு. அக்காவின் ஒரு மணி நேரம் முழுக்க அது அசையவே இல்லை. முடிந்ததும் செய்தி வரவில்லை, போனே வந்தது.

"குரல் பக்கத்து மேசைல இருந்து பேசற மாதிரி இருந்துச்சாம்."

"அப்ப?"

"இப்போதைக்கு இங்கயே இருக்கலாம். ஆனா சோதனைக் காலத்த இன்னும் மூணு மாசம் நீட்டிட்டாங்க. நடுவுல ஒரு தடவ இழுத்தாலும் யோசிக்காம கீழ வரச் சொல்லிருவாங்களாம்."

இழுபறி இன்னும் முடியவில்லை. ஆனாலும் அன்றைக்கு வழியில் இறங்கி ஒரு பை சோளம் வாங்கிக்கொண்டு போனேன். நாலு பேரும் அவித்துச் சாப்பிட்டோம்.

சிக்கல் மறுநாள் காலையில் தட்டில் வந்தது. வெள்ளை அட்டை. அப்பா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு சாம்பாரில் முக்கினார். அம்மா "குளுரு அதிகம்" என்றாள். அடுத்த முறையும் அட்டை. ஒரு சொல் முணுமுணுப்பில்லாமல் அவள் அதைச் சுட்டு வைத்ததுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. முன்பெல்லாம் மாவு பொங்காவிட்டால் அரிசியைத் திட்டுவாள், மேகத்தைத் திட்டுவாள், கடைக்காரரைத் திட்டுவாள். இப்போது அந்தப் பலகைப் பக்கமே போகாமல், பெட்டியைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டே துடைத்தாள். ஏதோ அது அக்காவின் வேலையே உருவெடுத்து உட்கார்ந்திருப்பது போல.

அக்காதான் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏதாச்சும் செய்யேன்டி."

"என்னா செய்யறது?"

"நீதான சொன்ன, துண்டு இல்லாம இருந்தா மாவே பெட்டிய குளிர வைக்கும்னு."

"சொன்னேன். கணக்குப்படி சரி. ஆனா செஞ்சு பாத்ததில்ல. தப்பாயிருச்சுன்னா நீ கீழ."

"அதான் ஞாயித்துக்கிழம செய்யின்னு சொல்றேன். அன்னிக்கு எனக்கு லீவு. இழுத்தா யாருக்கு நட்டம்? அப்பாவுக்கு வீடியோ நிக்கும். நிக்கட்டுமே."

எனக்கு இதைவிட என்ன வேண்டும். அன்றைக்கே தாள் எடுத்து வரைய ஆரம்பித்துவிட்டேன். ஹோட்டல் சமையலறையில் வளைந்துபோன அலுமினியத் தட்டு ஒன்று தூக்கிப்போட வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கி, பெட்டியின் அளவுக்கு வெட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறேன். தட்டு பெட்டியின் மேல், சட்டி தட்டின் மேல், நடுவில் ஒரு நூல் துணிகூடக் கிடையாது. கம்பளி சட்டியின் தோளோடு நின்றுவிட வேண்டும், பெட்டியின் பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். சட்டி சாயாமல் இருக்கப் பலகையில் மூன்று ஆணி. மாவு வழிந்தால் பெட்டிக்குள் போகாமல் இருக்கத் தட்டின் ஓரத்தை மேல்பக்கமாக மடித்திருக்கிறேன்.

சூடு அறுபத்தைந்தைத் தாண்டினால் பெட்டியே அம்மாவின் போனுக்குச் செய்தி அனுப்புகிற மாதிரி ஒரு சின்ன நிரலும் எழுதி முடித்துவிட்டேன். "சட்டியை இறக்கவும்" என்று மட்டும் வரும். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் சூட்டுக் கோட்டை உற்றுப் பார்த்தாள். பிறகு வெகு நாளைக்கு அப்புறம் அவளுடைய பழைய குரலில் கேட்டாள்.

"எறக்கச் சொல்றது இருக்கட்டும். மாவு பொங்கிருச்சான்னு சொல்லுமா?"

அதை நான் யோசிக்கவில்லை. மாவு புளிக்கும்போது தானே கொஞ்சம் சூடாகும் என்று எங்கோ படித்த ஞாபகம். அப்படியானால் சட்டியிலும் ஒரு சூடுமானி ஒட்டினால், இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சொல்லத்தான் செய்யும். சூடுமானி பக்கத்து டவுன் தானா ராத்தாவில் ஒரு கடையில் இருக்கிறது, சனிக்கிழமை போய் வாங்க வேண்டும். அம்மா ஞாயிறு காலையிலேயே அரிசி ஊறப்போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அரைப்பது எங்கள் கிரைண்டரில்தான். மதியம் சட்டி ஏறும். நான் அடுப்படி வாசலில் லேப்டாப்போடு உட்காரப்போகிறேன். அக்கா தன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, லீவு நாளானாலும், எனக்கே போன் போட்டு ஒரு மணி நேரம் வாடிக்கையாளர் மாதிரி முறையிடப்போகிறாளாம்.